பிள்ளையார் சுழியும் டிஜிட்டல் கையெழுத்தும்

புதன், இரவு.

இப்போது எழுதப்போவதை செஞ்சிக்கோட்டையே எழுந்து வந்து சாட்சி சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அக்கா மகள் கவிதாவுக்குப் புது வேலையில் முதல் அறிக்கை. டிஜிட்டல் கையெழுத்திட்டு, பூட்டி, ஐந்து மணிக்குள் சென்னைக்கு அனுப்பாவிட்டால் வேலை நிலைக்காது. கருப்புத் திரையில் கட்டளை அடித்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து சரிபார்த்தால், ‘கையெழுத்து செல்லாது’ என்றது கணினி.

கையெழுத்துக்கான டிஜிட்டல் சாவியை மாற்றினாள், மென்பொருளை அழித்து மீண்டும் ஏற்றினாள். நாற்பதாயிரம் கட்டளைகள் அடித்ததில் கீபோர்டு புகைந்து கோட்டையின் ராஜகிரி மலையே மறைந்துவிட்டது. கடைசியில் கையெழுத்துக்கு முன் எடுத்துவைத்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மாமா, மேல உ போட்டது யாரு?”

“சுழி போடாம எதுனா அனுப்புவாங்களாம்மா?”

“கையெழுத்துக்கு அப்பால ஒரு புள்ளி வெச்சாலும் செல்லாது மாமா. புள்ளையாரே வந்து வெச்சாலும் செல்லாது.”

நான் இமயமலை அளவு தம்ளரில் அவளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன்.

புகை, ராஜகிரி எல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் சுழியை அழிக்காமல், அதையும் சேர்த்தே புதிதாகக் கையெழுத்திட்டு, நாலே முக்காலுக்கு அனுப்பினாள். அது மட்டும் சத்தியம்.