நாகமலையில் கிடைத்த கறுப்புக் கல்

1981, மாசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு

எழுத்து கோட்டைத் தாண்டி மேலும் கீழும் ஓடுகிறது. இந்த நோட்டுதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் பள்ளியில் சேர்ந்து, போன தீபாவளிக்குப் பிறகுதான் எனக்கு எழுத வந்தது. இன்று கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

நாகமலையில் பழங்காலத்துக் கல் கத்திகளைத் தோண்டி எடுக்கும் வேலை எனக்கு. அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று கல்லூரியில் பாடம் நடத்தும் அம்மா ஒருவர் ஆராய்கிறார். எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதிக் கல்லோடு வைப்பது நான்தான். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாயன்று கண்ணாடிபோல் மின்னும் கறுப்புச் சில்லு ஒன்று கிடைத்தது.

"எரிமலைக் கல் மாதிரி இருக்கே ஐயா! இந்தப் பக்கமே கிடையாதே!" என்று அம்மா துள்ளினார். சோதனைக்கு அனுப்பக் கட்டி வைத்துவிட்டார்.

இன்று சாப்பிடும்போது நான் இதைச் சொல்ல, என் மனைவியின் தம்பி கருப்பையா கேட்டுச் சிரித்தான். அவனுக்குக் கப்பலூர் இரும்புப் பட்டறையில் வேலை.

"அது எங்க உலைக் கழிவு மச்சான். நாந்தான் ஒங்க குழியில போட்டேன்."

"ஏன்டா மாப்ள?"

"சும்மா வெளாட்டுக்கு. ஒத்தக் கல்லுக்கா இம்புட்டுக் கோவம்?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஒரு கல்லோடு இது போகாது. அந்தச் சீட்டில் இருப்பது என் எழுத்து. அது பொய்யென்று தெரிந்தால், நான் உண்மையாக எழுதிய மற்றச் சீட்டுகளை அம்மா எப்படி நம்புவார்?

விடிந்ததும் அவனையும் இழுத்துக்கொண்டு ஆனையூரில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். அவன் வராவிட்டாலும் நான் சொல்வேன். அவனைத் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. விரல் வலிக்கிறது. மீதியை அடுத்த வாரம் திட்டி எழுதுகிறேன்.