டெரி ஊர்வலத்தில் அப்பாவின் ஜெர்கின்

கொடைக்கானல்,
நவம்பர் 2

அன்புள்ள ஜெனிக்கு,

லேசான தடுமனைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவர் துணை செய்வாராக. இன்று கல்லறைத் தோட்டத்தில் உன் ஜூலியட் அத்தை, "பிள்ளைகிட்டருந்து போட்டோ எதுவும் வந்துச்சா?" என்று கேட்டபோது, வந்தது என்று நான் சொல்லவில்லை. போன் என் கைப்பையில்தான் இருந்தது. இல்லை மதினி, அவளுக்குப் படிப்புச் சோலி அதிகம் என்று சொல்லிவிட்டு, மெழுகுவத்தி பற்றவைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். மூடுபனி இறங்கியிருந்தது, பற்றவைக்கப் பற்றவைக்க அணைந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று, நிமிர வேண்டியிருக்கவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து உன் அப்பா பெயரை வாசித்தபோதுகூட என் மனம் ஜெபத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணீர் சுண்டிய பிறகுதான் எழுந்து போனேன். போனில் தட்டினால் பாதியிலேயே அனுப்பிவிடுவேன் என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன்.

அக்டோபர் கடைசி நாளில் நீ படிக்கிற டெரி நகரமே செத்தவர் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடும் என்று போன வருஷமே நீ சொல்லியிருக்கிறாய். கோட்டை மதிலைச் சுற்றிலும் எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும், பஸ் ஓட்டுகிறவர் தலையில் கொம்பு, ஆற்றின் மேல் வாணவேடிக்கை, வீட்டு வாசலில் பூசணிக்காய்க்குள் விளக்கு. அந்தப் பூசணிக்காயைப் பற்றி நீ போனில் சொன்னதற்கு அத்தை, நம்ம ஊரில் மூஞ்சி வரைந்து கடை வாசலில் தொங்கவிடுகிறோம், அவுக உள்ளே வெளக்கு ஏத்துறாக, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கூட்டுக்கு ஆகுற காயைப் பாழாக்குறோம் என்றாள். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட நூலகத்திலும் அந்த வாரம் பேய்ப் புத்தகம் ஒன்றுகூட அலமாரியில் தங்காது. அலைகிற ஆவிகளுக்குத் தங்களை அடையாளம் தெரியக்கூடாது என்றுதான் அந்தக் காலத்து மக்கள் முகமூடி போட்டார்களாம், அங்கேதான் படித்தேன். நீ போட்டது அப்படிப்பட்ட வேஷம் இல்லை ஜெனி. நீ அனுப்பிய படத்தைத் திறந்ததும் முதலில் உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பச்சை ஜெர்கின், இடது முழங்கையில் அப்பா டாக்ஸி சீட்டு ரெக்ஸினை வெட்டித் தானே தைத்துக்கொண்ட ஒட்டு, ஒரு தோளைச் சாய்த்து அவர் நிற்கிற நிற்பு, தலையில் ஒரு ரோஸ் குல்லா, பென்சிலால் வரைந்த மீசை. அதற்கு மேலேதான் உன் கண்கள் இருந்தன.

யாரோ ஒருவர் நீ என்ன வேஷம் என்று கேட்டதற்கு டாக்ஸி டிரைவர் என்றாயாம், ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு என்று அவர் கேட்டாராம், கூட்டமே சிரித்ததாம். நீ படத்தோடு அனுப்பிய செய்தியில் அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. நீயும் சிரித்தாயா என்பதை மட்டும் நீ எழுதவில்லை. அதற்குக் கீழே, "எல்லாரையும் மதுரை ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டவரும்மா, ஒரு நாள் அவரும் உள்ள வரட்டுமேன்னுதான்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு உன்னைத் திட்டவும் வாய் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவின் முதல் வருஷப் பூசை முடிந்து துணிமணிகளை எடுத்துக் கொடுத்த அன்று, அத்தை அந்த ஜெர்கின் ஒன்றைத்தான் கேட்டாள். பீரோவில் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் நீ விமானம் ஏறியிருந்தாய், உன் பெட்டியில் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டாக்ஸி ஸ்டாண்டில் எந்த டிரைவருக்கோ நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். "என் தம்பி உடுப்பை எவன் முதுகுல மாட்டிவிட்ட?" என்று கேட்டவள்தான், அதற்குப் பிறகு நம் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கல்லறைக்குச் சேர்ந்துதான் போவோம், வருவோம், உன்னைப் பற்றி விசாரிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற சொந்தம் அவள் ஒருத்தி. படத்தைக் காட்டினால் நான் கொடுக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் செத்துப்போன தம்பியைப் பேய்க் கூட்டத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறாள் பிள்ளை என்று அவள் நினைத்துவிட்டால், என்னிடமிருந்து போனது போதாதென்று உன்னிடமிருந்தும் போய்விடுவாள். இதில் எது பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் நீ இப்போது வகுப்பில் இருப்பாய்.

அந்த ஜெர்கினை மெஷினில் போடாதே, ரெக்ஸின் உரிந்துவிடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் போடு. அங்கே வெள்ளனே இருட்டிவிடுகிறதாமே, தனியாக நடக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, விட்டால் என்னிடம் பொய் சொல்லாதே. என்னிடம் சொல்லாமல் எடுத்துப் போனதற்கு உன்மேல் வருத்தம் உண்டு. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. மாதாவின் காவல் உன் போக்கிலும் வரவிலும் இருக்கட்டும், உன் கை தொட்ட காரியம் விளங்கட்டும்.

பாசத்துடன்,
உன் அம்மா
ராஜகுமாரி

நவம்பர் 4

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அத்தை சாக்லேட் கடை வேலை முடிந்து திரும்பும்போது ஸ்டாண்டில் நின்று டிரைவர்களின் முதுகை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, போனைத் திறந்து கையில் கொடுத்துவிட்டேன். முழங்கை ஒட்டு திரை முழுக்க வரும்வரை படத்தைப் பெரிதாக்கினாள், பிறகு சிறிதாக்கி உன் தலையில் இருந்த அந்த ரோஸ் குல்லாவையே பார்த்தாள். "குல்லா இதில்லயே" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று காலை நான் வேலைக்குக் கிளம்புமுன் வந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அப்பாவின் மங்கி குல்லா, அவர் போன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் காணாமல் போனது. மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டாள். குல்லா இந்தப் பார்சலில் இருக்கிறது.