வெற்றிலை வாங்கிய வீடுகள்

5 மார்ச் 2007, திங்கள்

ஹோலிச் சாயம் வாசலில் இன்னும் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து இடுப்பு விட்டுப் போச்சு. இந்த நேரம் பார்த்து ஜோதிலிங்கம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். முனிசிபல் எலெக்‌ஷனில் சுயேச்சையாக நிற்கப் போகிறானாம்.

நிற்கட்டுமே. பிழைக்க வந்த இந்த இந்திக்கார ஊரில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க் கரையில் எங்கள் கேம்ப் குடிசைகளில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் என் பிள்ளைதான். ஆனால் சர்க்கார் சம்பளக்காரன் நிற்க முடியாதாம். முதலில் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். வருஷக்கணக்கில் தினக்கூலிக்குத் தெருக் கூட்டி, அப்புறம் நிரந்தரமான வேலை.

மருமகள் ஜெயலட்சுமி அழவில்லை. பாத்திரங்களைத்தான் உருட்டினாள்.

“நம்ம கேம்ப்ல எத்தினி பேரு நம்ம பக்கம்னு நீதாம்மா பாத்து சொல்லணும். நீ சரின்னா சனிக்கிழம எழுதிக் குடுத்துர்றேன்” என்றான்.

என்னைக் கேட்கிறான். கேட்க வேண்டியதுதானே? என் வயசில் இங்கே அஞ்சாவது வரை படித்தவள் வேறு யார்?

6 மார்ச்

வெற்றிலை வாங்க நடந்ததில் முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது. எழுதுவதைப் பேத்தி சிந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நல்லதாப் போச்சு.

7 மார்ச்

வீடு வீடாக ஏறி இறங்கினேன். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வெற்றிலை பாக்கு. “ஜோதி நிக்கிறான், உங்க ஓட்டு வேணும்” என்று சொல்லி நீட்டினேன். கை நீட்டி வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஒரு வீடுகூட வேண்டாம் என்று சொல்லவில்லை! “ஜோதிக்கு இல்லாம வேற யாருக்குக்கா?” என்று கவிதா முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

சொன்னதும் ஜோதியின் முகத்தைப் பார்க்கணுமே. ஜெயலட்சுமிதான் அடுப்படியிலிருந்து இடித்தாள்: “வெத்தலைய யாரு அத்தே வேணாம்பாங்க? கவுன்சிலரு குடுத்தாலும் வாங்குவாங்க. அம்மன் முன்னாடி கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க, பாப்போம்.”

சொல்றேன்டி. எனக்கென்ன பயம்?

9 மார்ச், வெள்ளி

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்னவோ.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்கு வெற்றிலை வாங்கிய அத்தனை பேரும் வந்தார்கள். பொங்கல் வைத்திருந்தேன் – அதற்கும்தான் வந்திருப்பார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றினேன். “ஓட்டு ஜோதிக்குத்தான்னு அடிச்சுக் குடுங்க” என்றேன்.

ஒருவரும் அசையவில்லை.

“நான் தூரம்க்கா. அதான் தள்ளி நிக்கறேன்” என்றாள் கவிதா. தூரமானவள் கோயில் பக்கம் எதற்கு வந்தாளாம்? அடுத்தவளும் தூரம். அவளுக்கு அடுத்தவளும். அறுபதைத் தாண்டிய பச்சையம்மாளும் தூரமாம்!

“ஏண்டி கெழவி, உனக்குமா?” என்று கேட்டே விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. ஆம்பிளைகள் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று நழுவினார்கள். லாரிச் சத்தமே இல்லை.

பச்சையம்மாள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். “கோவிச்சுக்காத தாயக்கா. ஜோதி தங்கமான புள்ள. நாம கூப்பிட்டா ஓடியாருவான். புல்டோசர் வந்தா அவன் கூப்பிட்டு யாரு வருவா? போன தடவ கவுன்சிலரு வந்து போலீசுகிட்ட பேசலன்னா, இன்னிக்கு நமக்குக் கூரை ஏது?”

தட்டை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

கற்பூரத்தில் விழுந்தது இரண்டே கை. ஒன்று மாசிலாமணிக் கிழவருடையது. ஜோதி முதுகில் சுமந்துபோய்க் காப்பாற்றிய உயிர். அவர் அடித்து அணைந்ததை மறுபடி ஏற்றினேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயலட்சுமி வந்தாள். ஓங்கி ஒரு அடி.

“நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நின்னா போடாம இருப்பனா?” என்று கரியான கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஜோதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நீ அடிச்சியாம்மா?”

“தட்டைப் புடிச்சிருந்தேன்டா. கை ஒழியல.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இதுவும் பச்சையம்மாள் சொன்ன தூரம்தானே? அவன் கவுன்சிலராகிவிட வேண்டும் என்று எனக்கு ஆசைதான். கூரையும் வேண்டுமே.

10 மார்ச்

விடியலில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டான். ஜெயலட்சுமி சப்பாத்தி கட்டிக் கொடுத்தாள். எழுதிக் கொடுக்கிறேன் என்ற சனிக்கிழமை இதுதான்.

22 மார்ச்

பச்சையம்மாள் பேரனுக்கு வலிப்பு. “ஜோதி பையா! அண்ணே!” என்று கத்திக்கொண்டு வந்தார்கள். சோற்றுக் கையோடு எழுந்து ஓடினான். போகாதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

5 ஏப்ரல், ஓட்டு நாள்

ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்து வாசலைக் கூட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டதெல்லாம் ஜோதிதான். இன்றைக்கு அங்கேதான் அவனுக்கு டியூட்டி. வரிசையில் என்னைப் பார்த்ததும், “ஜல்தி போட்டுட்டு வாம்மா, வெயிலு ஏறுது” என்றான். பழைய குரல்தான்.

மிஷினில் பெயரெல்லாம் இந்தி எழுத்து. எனக்கு அது வராது. என் பிள்ளையின் பெயர் அதில் இல்லை என்பதும் தெரியும். இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை தேடிப் பார்த்தேன். “மாதாஜி, ஜல்தி” என்று ஆபீசர் அதட்டினார். கவுன்சிலர் சின்னத்தில் அழுத்திவிட்டு வந்தேன்.

யாருக்குப் போட்டாய் என்று ஜோதி கேட்கவில்லை. விரலைப் பிடித்து, மை சரியாக வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தான்.