நாம் தங்காத ஹோட்டலின் சோப்பு

உங்கள் கருப்புக் கம்பளிக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று காலை எடுத்தேன். உள்பையில் கைவிட்டால் ஒரு சின்ன சோப்பு. சுற்றிய காகிதம் பழுத்துவிட்டது, லாவெண்டர் வாசனை மட்டும் போகவில்லை. பிராக் நகரத்தில் நாம் தங்கிய ஹோட்டலின் சோப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை. காகிதத்தில் இருப்பது நாம் தங்காத ஹோட்டலின் பெயர். அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

தொண்ணூற்றேழில் அமெரிக்காவிலிருந்து ஈரோட்டுக்குப் போகிற வழியில் பிராகில் மூன்று நாள் இறங்கலாம் என்றது நீங்கள்தான். கல்யாணமான நாளிலிருந்து லீவெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்திலேயே தீர்ந்துபோயிருந்தது. ஆற்றோரம் ஒரு ஹோட்டல், ஜன்னலைத் திறந்தால் பாலம். மேட்டில் இன்னொன்று, மஞ்சள் சுவரும் நடுமுற்றத்தில் ஆப்பிள் மரமுமாக. இரண்டும் பழங்காலத்து வீடுகள், இரண்டும் கொள்ளை அழகு. நம் இர்விங் அபார்ட்மெண்டில் மாதக்கணக்காக அதே பேச்சுதான். கடைசியில் நான் ஆற்றோரம் என்று முடிவாகச் சொல்ல, அரைமனதாக புக் பண்ணினீர்கள்.

போய்ச் சேர்ந்த மறுநாளே ஆரம்பித்தீர்கள். "ஒருக்கா அந்த ஹோட்டலையும் சும்மா பாத்துட்டு வந்தர்லாம், வா." அன்றும் மேடேறினோம், அடுத்த நாளும் ஏறினோம். வரவேற்பறைப் பெண்ணிடம் ரூமைக் காட்டச் சொல்லி, மெத்தையை அழுத்திப் பார்த்து, குளியலறை வரைக்கும் போய் வந்தீர்கள். சோப்பு அப்போதுதான் பைக்குள் போயிருக்க வேண்டும்.

இந்தச் சுபாவம் எனக்குப் புதிதில்லை. லீஸில் கையெழுத்துப் போட்ட வாரமே எதிர் அபார்ட்மெண்டைப் பார்க்கக் கிளம்பிய மனிதர் நீங்கள். கார் வாங்கிய பிறகும் கார் விளம்பரங்களை விடாமல் படித்தவர். அதையெல்லாம் கிண்டல் பண்ணிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த முற்றத்தில் காப்பியைக்கூடக் குடிக்காமல் மாடி ஜன்னல்களையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவில் வந்து நீங்கள் என்னைப் பெண் பார்த்த அன்றைக்கே, காலையில் கோபியில் இன்னொரு பெண்ணையும் பார்த்திருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று கேட்டுவிட்டேன். "ஏனுங்க, அந்தக் கோபிக்காரப் புள்ளையையும் இப்படித்தான் நெனச்சுட்டு இருந்தீங்களா?"

சட்டென்று இல்லை என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நீங்கள் யோசித்தீர்கள்.

"நெனச்சிருக்கேன். கல்யாணமான புதுசுல."

"எப்ப நின்னுச்சு?"

"தெரியல. ஒரு நாள் பாத்தா, நெனச்சே ரொம்ப நாள் ஆயிருந்துச்சு."

எழுந்து விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். என் கோட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தீர்கள். ஈரோடு வரைக்கும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் எப்போது ஆறியது என்று இப்போது யோசித்தால் எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதே கிடையாது. என் சமையல் நன்றாக இருக்கிறது என்றதையும், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்றதையும் அப்படியே நம்பினேன்.

நீங்கள் போய் வருஷமாகிறது. மனசு உங்களைத் தேடுவதும் அப்படித்தான் ஒருநாள் எனக்கே தெரியாமல் நின்றுவிடுமோ என்று பயந்து கிடக்கிறேன். தினமும் கண் விழித்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் நிற்கவில்லை.