இரண்டு சொட்டு போதும்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நலமா? உன் பஸ் நலமா?

பஞ்சில் சுற்றி ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பதினொரு வருஷமாக இந்தக் கம்பெனியில் அடுத்தவர் எழுதிக்கொடுத்த அளவில் கலந்துகொண்டிருந்தவள், முதல்முறையாக நானே யோசித்துச் செய்த சென்ட். கருகப்போகும் சர்க்கரைப் பாகும் அணைந்த விறகின் புகையும் சேர்ந்த வாசனை. மேலாளர் முகர்ந்துவிட்டு, "புகையை யாரும்மா பூசிக்குவாங்க?" என்று மூடிவைத்துவிட்டார். என்னை ஃபினாயில் பிரிவுக்கு மாற்றப் பார்க்கிறார். இதை முடிவு செய்ய மாதக் கடைசியில் கூட்டம். அதற்குள், வாசனை எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. இரண்டு சொட்டு போதும்.

உன் தங்கை

ஜூன் 12

என் செல்ல வாலுக்கு,

ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாய். இருக்கட்டும், வந்து கவனித்துக்கொள்கிறேன்.

டிப்போவில் ஒருவர் விடாமல் பாட்டிலைக் காட்டினேன். "எந்தக் கடைல வாங்கினீங்க?" என்றார் கண்டக்டர். "கடைல கிடைக்காது. என் தங்கச்சி செஞ்சது" என்றேன். கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. தினமும் பூசிக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொடுகிறேன்.

நேற்று ஒரு கூத்து. நடுவழியில் யாரோ "வண்டி எரியுது!" என்று கத்த, ஐம்பது பேரையும் இறக்கிவிட்டு, தீயணைப்பு சிலிண்டரோடு இஞ்சின் முன்னால் நின்றேன். மெக்கானிக் இரண்டு தடவை திறந்து பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அம்மா, எரியறது வண்டி இல்ல, நீங்கதான்" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை, மெமோ கொடுத்தார். போகட்டும். நாளையும் பூசுவேன்.

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்கா,

நீ சிரிக்கிறாய். எனக்கு அழுகைதான் வந்தது. என் சென்டைப் பூசினால் ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றால் மேலாளர் சொன்னது சரிதானே? என்னால் உனக்கு மெமோ வேறு. பாட்டிலைக் கொட்டிவிடு. கூட்டத்தன்று ஃபினாயில் பிரிவுக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன்.

தங்கை

ஜூன் 24

வாலு,

கையெழுத்துப் போட்டால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். முதலில் இதைப் படி.

என் போன கடிதத்தை எடுத்துப் பார். வாசனை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்கிறதா? இருக்காது. போன வருஷக் காய்ச்சலில் போன மோப்பம் எனக்குத் திரும்பவே இல்லை. டீசலும் ஒன்றுதான், ரோஜாவும் ஒன்றுதான். மூக்கை வைத்துப் பிழைக்கிறவள் நீ, சொன்னால் துடித்துப்போவாய் என்று மறைத்தேன்.

இரண்டு சொட்டு என்றாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழுத்தில், கையில், காலரில் ஊற்றிக்கொண்டேன். நீ செய்ததில் ஒரு துளியாவது உள்ளே போகாதா என்ற ஆசைதான். பஸ்ஸை நிறுத்தியது உன் சென்ட் இல்லை, என் மூக்கு.

மூன்று நாளாக இரண்டே சொட்டு. தினமும் முன்சீட்டில் வரும் டீச்சர் ஒருவர் தன் ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கினார். "இறங்கவே மனசு வரலங்க" என்றார். மெக்கானிக் தன் மனைவிக்கு ஒன்று வேண்டுமாம். இனி நீயே முடிவு செய்.

அக்கா

ஜூலை 2

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க அழுதேன். இத்தனை நாள் மறைத்தாயே, உன்னை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டாக்டரிடம் போகிறோம், மறுபேச்சு கிடையாது.

கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்தில் மேலாளரின் மணிக்கட்டில் இரண்டே சொட்டு வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சு நடுவே நாலு தடவை கையை மூக்கருகே கொண்டுபோனார். முதலில் நூறு பாட்டில் போட்டுப் பார்க்கலாம் என்றார். பிறகு, "யார் பூசிப் பார்த்துச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்கா."

"அவங்க மூக்கை நம்பலாமா?"

"அதைவிட நல்ல மூக்கு இந்தக் கம்பெனியிலயே இல்ல சார்" என்றேன்.

உன் தங்கை