எட்டுப் புள்ளி நான்கு மில்லி

அன்பு மிகுந்த என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். கடையில் கேட்டு எதையாவது வாங்கிக் குடிக்காதீர்கள். போன் செய்யாமல் கடிதம் எழுதியிருக்கிறேனே என்று பயப்படவும் வேண்டாம். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் ‘சரி, சரி’ என்பீர்கள், எனக்குக் கோபம் வந்துவிடும். காகிதம் குறுக்கே பேசாது.

நர்சிங் பள்ளியில் சேருமுன் வைக்கும் மருந்தளவுக் கணக்குப் பரீட்சை வருகிற வெள்ளிக்கிழமை. ஒரு கணக்கு தப்பினாலும் இடம் கிடையாது. இதென்ன அநியாயம் என்று முதலில் நானும் முணுமுணுத்தேன். பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்குப் பாம்புக் காது. பத்துப் பேருக்குச் சரியாக ஊசி போட்டுவிட்டுப் பதினோராவது ஆளைச் சாகடித்தால் எத்தனை மார்க் போடலாம் என்று என்னையே கேட்டார்.

இவளுக்குக் கணக்கு வராது என்று பிறந்த வீட்டில் முடிவு கட்டி, பள்ளி முடிந்த கையோடு என்னைத் தையல் மிஷினில் உட்கார வைத்தார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். உட்கார்ந்து போட்டால் நன்றாகவே வருகிறது. என்னைக் கெடுப்பது தையல்தான்.

கேளுங்கள். பதினாலு கிலோ எடையுள்ள குழந்தை. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து. அப்படியானால் இருநூற்றுப் பத்து. சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபத்தைந்து மில்லிகிராம் இருக்கிறது. எட்டுப் புள்ளி நான்கு மில்லி கொடுக்க வேண்டும். இதுவரை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, விடை என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்! அடுத்த கணக்கிலும் அப்படி, அதற்கடுத்ததிலும் அப்படி. துணி வெட்டும்போது மடிப்புக்குக் கொஞ்சம் கூடவே விட்டு வெட்டிப் பழகிய கை. குறைந்தால் துணி பாழ், கூடினால் பிடித்துத் தைத்துவிடலாம்.

விடைகளைச் சரிபார்ப்பது உங்கள் தங்கை. ஆபீஸ் விட்டு வந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவாள், என் தப்பைச் சுழிப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆனந்தம். அன்று மட்டும் சிரிக்கவில்லை. “துணின்னா பிரிச்சுத் தைக்கலாம் அண்ணி. உள்ள போன மருந்த எப்படிப் பிரிப்பீங்க?” என்று கேட்டாள். மூன்று கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன்.

அதற்குள் டிரிப்ஸ் ஏற்றும் சொட்டுக் கணக்கு வந்து குழப்பியது. நிமிடத்துக்கு நாற்பத்தொன்றரைக்கு மேல் சொட்டு என்று விடை வந்தால் நாற்பத்திரண்டு என்றுதான் எழுத வேண்டுமாம். சொட்டைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாதல்லவா! ஆக, எங்கே முழுசாக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் படிப்பே. இப்போது ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துப் பழகுகிறேன். மகள் தினமும் ஒரு புது வியாதியோடு வந்து படுத்துக்கொள்கிறாள். தையல் கடையிலும் என் கை கறாராகிவிட்டது. ஒரு ரவிக்கையை மடிப்புக்கு இம்மியும் விடாமல் வெட்டிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் மருந்து தருமுன் ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்பாள். “நேத்தும் இதே பேருதாம்மா” என்று மாமா எரிந்து விழுவார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்பாள், சீட்டைப் பார்ப்பாள், அப்புறம்தான் கொடுப்பாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் நான் இவளைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தேன். உங்களிடம் அப்போது சொல்லத் துணிச்சல் இல்லை.

உங்கள் போன கடிதத்தில், தேறாவிட்டால் பரவாயில்லை, மனசை விட்டுவிடாதே என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள். பரீட்சைக்கு முன்னாலேயே ஆறுதல் வந்து சேர்ந்துவிட்டது! கோபித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் எடுத்துப் படித்தபோதுதான் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் எங்களுக்காகப் பார்த்து வைத்திருக்கும் வீடு, வெயில் விழும் சமையலறை, மகள் நடந்தே போகக்கூடிய பள்ளிக்கூடம். தேறாவிட்டால் கிளம்பி வந்துவிடுகிறேன் என்று சொன்னவள் நான்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறீர்கள்.

சும்மா கோட்டை விட்டுவிடலாமா என்று ஒரு சாயங்காலம் யோசித்தேன். ஒரே ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. உங்கள் பக்கத்தில் வந்து இருந்துவிடலாம். ஆனால் என்னால் முடியாது. தெரிந்தே தப்பான அளவு எழுதும் கையோடு உங்களிடம் வந்து நான் என்ன செய்யப் போகிறேன்?

தேறினால் இன்னும் மூன்று வருஷம் நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாக இருமிக்கொண்டு இருப்பீர்கள். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். வேறு யாரிடமும் இதைக் கேட்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன் ஒரு நிமிடம் நின்று, நான் தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்களையே நினைத்திருக்கும்,
உங்கள் மனைவி