இன்னும் ஒரு காடு பாக்கி

இன்று காலை நண்டு விற்கிற பெண் வாசலில் கூடையை இறக்கி, "ஆயா, பிச்சாவரத்து நண்டு. உசுரோட கெடக்குது பாரு" என்றாள். கடலூரில் எந்த ஊர் நண்டும் பிச்சாவரத்து நண்டுதான், எனக்குத் தெரியாதா? சண்டைக்குத் தயாராகத்தான் போய் உட்கார்ந்தேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், கால் இடுக்கில் கருகருவென்று சேறு அப்பியிருந்தது. முகர்ந்தேன். அழுகின முட்டையும் உப்பும் கலந்த அந்த நாற்றம். அவள் பொய் சொல்லவில்லை. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். மருமகள் பயந்துபோய், "அத்தே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள்.

நண்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுதுவதற்கு இதைவிட நல்ல மை எனக்குக் கிடைக்காது.

அந்த நாற்றத்தை நாம் இரண்டு பேரும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோமே, நினைவிருக்கிறதா? அறுபதுகளின் நடுவில். நீ பூகோள டீச்சர், நான் தையல் டீச்சர். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு உனக்கு ஒரு நீளமான வகுப்பறையும் அதன் தாழ்வாரமும் கொடுத்திருந்தார்கள். நீ எடுத்துக்கொண்ட தலைப்பு, உலகத்துக் காடுகள். நீயும் நானும் காடு என்று கண்டதெல்லாம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரிக்காடுதான். அதற்காக நீ அசந்தவளா? "பார்த்தாத்தான் சொல்லணும்னா சந்திரனைப் பத்தி எப்படிடி பாடம் நடத்துறது?" என்றாய்.

வகுப்பறையின் வடக்கு மூலையில் ஊசியிலைக் காடு. சவுக்குக் கிளைகளைக் கூம்பாகக் கட்டி நிறுத்தி, மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்டோம். பனி சறுக்கிக் கீழே விழுவதற்காகத்தான் அந்த மரங்கள் கூம்பாக வளர்கின்றன என்று நீ சொன்னபோது, தச்சன்கூட இப்படி யோசித்துக் கூரை போடமாட்டான் என்று நினைத்தேன். அந்தக் காட்டுக்கு நான் பழைய கம்பளியில் ஒரு வெள்ளைக் கரடி தைத்துக் கொண்டுவந்தேன். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. நீ பார்த்துவிட்டு ஈவு இரக்கமே இல்லாமல், "இந்தக் காட்டுல வெள்ளைக் கரடி கெடையாதுடி ரோசு. அது இன்னும் வடக்க, மரமே இல்லாத எடத்துல இருக்குது. இங்க பழுப்புதான்" என்றாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீயே அதைக் காப்பி டிகாக்‌ஷனில் முக்கிக் காயப்போட்டாய். காய்ந்ததும் கரடி போய் ஆடு வந்தது. கண்காட்சி முடிகிறவரை பிள்ளைகள் அதற்குப் புல் காட்டினார்கள்.

அடுத்தது இலை சிவந்து உதிர்கிற காடு. வாதாமர இலைகளைப் பொறுக்கிப் பரப்பினோம். அதற்கடுத்தது புல்வெளி, கோரையும் தர்ப்பையுமாக. தாழ்வாரத்தில் மழைக்காடு. வாழை, சேம்பு, பெரணி எல்லாம் நெருக்கி வைத்து, ஒரு பெண் பெஞ்சின்மேல் நின்று பூவாளியால் ஓயாமல் தண்ணீர் தூவ வேண்டும். "அங்க தினம் மழை. மேல இருக்கிற எலைங்க வெயிலைக் குடிச்சிடும், கீழ இருக்கிற செடிக்கு மிச்சம் மீதிதான்" என்று நீ விளக்குவாய். கூட்டுக் குடும்பத்தில் சாப்பாடு வருகிற மாதிரிதான் என்றேன். நீ சிரித்துச் சிரித்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய்.

கடைசியாகத்தான் உனக்கு அந்த ஆசை வந்தது. கடல் தண்ணீரில் நிற்கிற காடு ஒன்று வைக்க வேண்டும், அதுவும் நிஜமாக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் வராததுமாக என்னை இழுத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறினாய். கிள்ளையில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, பிச்சாவரத்தில் ஒரு மீன்காரக் குடும்பத்தின் படகில் உள்ளே போனோம். அதற்குமுன் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுரபுன்னை மரங்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிற மாதிரி வேர்களின்மேல் நின்றன. நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

திரும்பும்போது ஓர் அண்டா நிறையச் சேறு. அதில் சுரபுன்னைக் கன்றுகளும், வேரோடு பெயர்த்த ஒரு தில்லைக் கன்றும் இருந்தன. ரயிலில் நம்மைச் சுற்றி நாலு பலகை காலியாகிவிட்டது. டிக்கெட் பரிசோதகர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இது, நண்டா?" என்றார். "காடு சார்" என்றாய் நீ. அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அந்தக் காலிப் பலகையில் கால் நீட்டிக்கொண்டுதான் நீ சொன்னாய். சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, கல்யாணம் ஆனால் நீ வேலையை விட்டுவிடுவாய் என்று அவரே வாக்குக் கொடுத்துவிட்டார். "கல்யாணம் வேணாம்னு இல்லடி. எனக்கு வகுப்பும் வேணும். ரெண்டும் கேட்டா ஜாஸ்தியாம்." அழுவாய் என்று பார்த்தேன். நீ அண்டாவுக்குள் குனிந்து கன்று சாயாமல் சேற்றை அமுக்கிக்கொண்டிருந்தாய். இந்த வாயை வைத்துக்கொண்டு நீ ஒரு சமையலறையில் எத்தனை நாள் இருப்பாய்?

கண்காட்சியன்று காலையில் நம் கான்வென்ட்டின் தலைமைக் கன்னியாஸ்திரி, மதர், ஒரு சுற்று வந்தார். அண்டாவுக்கு முன்னால் நின்று முகத்தைச் சுளித்தார். "உலகத்துக் காட்டைக் காட்டச் சொன்னால், கிள்ளைச் சேற்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே டீச்சர்?" நீ கையைக் கட்டிக்கொண்டு மிக மரியாதையாகக் கேட்டாய்: "கிள்ளை உலகத்துல இல்லைங்களா மதர்?" நான் வேகமாகத் திரும்பி அந்த ஆட்டுக் கரடியின் காதைச் சரிசெய்தேன். மதர் அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார். அண்டா இருந்தது.

மத்தியானம் அந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. கூட அவருடைய தங்கை. காடுகளைவிட உன்னைத்தான் ஜாஸ்தி பார்த்தார்கள், நீ நடப்பதை, குனிவதை, பல்லை. எனக்கு அப்போதே பொறி தட்டியது. கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பார்கள், கல்யாண வீட்டில் பார்ப்பார்கள். இவர்கள் கண்காட்சிக்கே வந்துவிட்டார்கள். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், உன் புடவையைப் பிடித்து இழுத்தேன். முழங்கைவரை சேற்றோடு நீ, "என்னடி, சும்மா இரு" என்றாய்.

உனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் நல்லதை முதலில் சொல்லி, ஒரு நிமிஷம் நிறுத்தி, பிள்ளைகள் வாயைப் பிளந்த பிறகுதான் மீதியைச் சொல்வாய். அன்றைக்கும் அப்படித்தான். "இதைப் பாருங்கம்மா. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு இருக்குதில்ல? அந்தத் தில்லை மரம் இதுதான்" என்று சொல்லி நிறுத்தினாய்.

அந்த அம்மாள் சிதம்பரம் கோயிலைச் சுற்றியே வாழ்ந்தவர். வாயில் தில்லை தில்லை என்று ஆயிரம் தடவை வந்திருக்கும், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். "அட, எஞ்சாமி! இதுவா?" என்று சட்டென்று ஓர் இலையைக் கிள்ளினார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அதன் பால் கண்ணில் பட்டால் கண் அவிந்துபோகிற மாதிரி எரியும் என்பதுதான் நீ சொல்லாமல் வைத்திருந்த மீதி. "தொடக் கூடாது" என்று நான் எழுதி வைத்த அட்டை அங்கேதான் இருந்தது. சாமி மரத்தின் முன்னால் அட்டையை யார் படிப்பார்கள்? அவர் அலறின அலறலில் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். தங்கைக்காரி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: "ஐயோ, பொண்ணு பாக்க வந்த எடத்துல எங்கக்காவுக்குக் கண்ணே போச்சே!"

நீ ஒரு கணம் அப்படியே நின்றாய். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கல்யாணம் போயிற்று, நாளைக்கே வேலையும் போகும் என்று அந்தக் கணத்தில் உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரை இழுத்துக்கொண்டு போய் மழைக்காட்டில் உட்கார வைத்தாய். பூவாளியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாய். "ஊத்து ரோசு. நிறுத்தாதே." நீ உன் கையை நன்றாகக் கழுவிவிட்டு அவர் இமையைப் பிரித்துப் பிடித்தாய், நான் ஊற்றினேன். சேம்பு இலைகளுக்கு நடுவில் விபூதியெல்லாம் கரைந்து வழிய, அந்த அம்மாள் உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு நீ கூட்டிப்போனாய். நானும் தங்கைக்காரியும் அவருடைய செருப்பையும் பையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். மருந்து விட்டுக் கண்ணைக் கட்டி, பெரிய டாக்டர் வருகிறவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டிருந்தார். "கண்ணு திரும்புமாம்மா? ஒரே இருட்டா இருக்குதே" என்றார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பும்மா. அதுவரைக்கும் சும்மா எதுக்கு இருட்டுல இருக்கணும்? வாங்க, வடக்கேயிருந்து ஆரம்பிப்போம்" என்றாய்.

ஊசியிலைக் காட்டில் பனி கொட்டச் செய்தாய். நடக்கும்போது கால் புதைகிற சத்தத்தை நாக்காலேயே காட்டினாய். மரமெல்லாம் சிவந்து உதிர்கிற காட்டில் அவரை உட்கார வைத்தாய். புல்வெளியில் சிங்கம் படுத்திருக்கிற இடத்தைத் தொலைவிலிருந்து காட்டினாய். மழைக்காட்டின் உச்சாணிக்கு ஏற்றிக் கிளிகளுக்கு நடுவே நிற்க வைத்தாய். அவருடைய நடுக்கம் நின்றது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் கிட்டே நகர்ந்து வந்தார்கள். "இன்னும் ஒரு காடு பாக்கி இருக்குதும்மா" என்று நீ சொன்னபோது டாக்டர் கூப்பிட்டுவிட்டார். கண்ணுக்கு ஆபத்தில்லை, சில நாளில் சரியாகிவிடும் என்றார் அவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உன் வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அந்த அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகனோடு மஞ்சக்குப்பத்தில் உங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். நான் அன்றைக்கு உனக்குத் துணையாகச் சமையலறையில் இருந்தேன். உன் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அத வுடுங்க. கிள்ளினது நானு" என்றார் அந்த அம்மாள். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய வுட்டுடும்னு சொன்னீங்களாமே? அதுதான் ஆவாது. கண்ணக் கட்டிக்கினு ஒலகத்தையே சுத்திட்டு வந்தவ நான். இந்தப் பொண்ணு எங்கூட்டு அடுப்பாண்ட ஒக்காந்தா, இத்தனையும் நான் ஒருத்தியே கேக்கணும். என்னால முடியாதுப்பா. நாப்பது புள்ளைங்க கேக்கட்டும்."

காப்பித் தம்ளரோடு நின்ற நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். ரயிலில் அழாதவள் அன்றைக்கு அழுதாய். நானும்தான் அழுதேன்; இல்லை என்று அப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அது பொய். உள்ளே வந்த அந்த அம்மாள் உன்னைப் பார்த்து, "எழுந்திரு. பாக்கி ஒரு காடு இருக்குதுன்னியே, அது எது?" என்றார். "உங்க கண்ண எரிச்சதே, அதுதாம்மா. அத நான் சொல்ல மாட்டேன். கூட்டிக்கினு போய்க் காட்டறேன்" என்றாய்.

காட்டினாய். படகில் நானும் இருந்தேன். உன் மாமியார் தில்லை மரத்துக்குத் தூரத்திலிருந்தே பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். படகை ஒரு முழம்கூடக் கிட்டே விடவில்லை.

அதற்கப்புறம் ஓய்வு பெறுகிறவரை சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் ரயிலில் போய்வந்தாய். எத்தனை நாற்பது பிள்ளைகளோ!

இந்த மாசியில் உன் மகன் போன் செய்ததும் ஓடிவந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாய். பேச்சு நின்று இரண்டு நாளாயிற்று என்றான். எனக்கு ஜெபமாலை எடுக்கத் தோன்றவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "வாடி, வடக்கேயிருந்து ஆரம்பிப்போம்" என்றேன். ஊசியிலைக் காட்டில் பனி கொட்ட வைத்தேன். உன்னைப்போல நாக்கால் சத்தம் காட்ட எனக்கு வரவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன்: "அதோ பாரு, வெள்ளைக் கரடி போவுது."

உன் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "பழுப்புடி" என்றாய்.

உன் மகன் அழுதான். நான் சிரித்தேன். சிவந்த காடு, புல்வெளி, மழைக்காடு எல்லாம் சொல்லி முடித்தேன். அப்போது நர்ஸ் வந்து, "பாட்டி, நேரமாச்சு, அவுங்க தூங்கட்டும்" என்றாள். நான் உன் காதில், "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. நாளைக்கிச் சொல்றேன்" என்றேன். என் கையை லேசாக அழுத்தினாய். மறுநாள் விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இத்தனை மாதமும் அந்தப் பாக்கியைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறேன். இன்று காலை நண்டைத் தூக்கி முகர்ந்தபோது, அதை எப்படிச் சொல்வது என்று தெரிந்துவிட்டது. கேட்டுக்கொள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டார், படகு தானாகவே போகிறது. இரண்டு பக்கமும் சுரபுன்னை. முருங்கைக்காய் மாதிரி கன்றுகள் தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்குகின்றன. ஒன்று பொத்தென்று சேற்றில் விழுந்து நட்டுக்கொண்டு நிற்கிறது. சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் விரல் விரலாக எட்டிப் பார்க்கின்றன. அந்தத் திருப்பத்தில் தில்லை நிற்கிறது. எட்டவே நின்று கும்பிட்டுக்கொள். உன் முழங்கைவரை சேறு. நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மருமகள் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுவிட்டாள். நண்டுக் குழம்பு ஆறிப்போகிறதாம். போய்க் கையைக் கழுவ வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்.